11-ஆம் மாடி டப்பா

எங்கள் சமையலறை மேடையில் ஆரஞ்சு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. அது எங்களுடையதன்று. 9-ஆம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் 11-ஆம் மாடியில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கும் இடையே வாரம் ஒரு முறை மின்தூக்கியில் ஏறியும் இறங்கியும் வருகிறது. ஒரு காலத்தில் அந்த டப்பாவை நான் வாங்கவே மாட்டேன். அப்படி வாங்காமல் இருப்பதுதான் பண்பு என்று மனமார நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். எழுத எடுக்கும்போதெல்லாம் மனம் முரண்டு பிடித்தது. இப்போதும் எல்லாம் தெளிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

2021 ஜனவரியில் மேல்வீட்டுப் பையன் தொடக்கநிலை 4-க்குப் போனான். பின்னக் கணக்கு வராமல் இரவெல்லாம் அழுகிறான் என்று அவன் அம்மா மின்தூக்கியில் சொன்னார். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எண்களோடு இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். சனிக்கிழமை காலையில் அனுப்பி வையுங்கள் என்றேன். துணைப்பாட வகுப்புக்குச் சிங்கப்பூரில் என்ன செலவாகும் என்பது பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் தெரியும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு கடைக்குச் சமையல் செய்துகொடுக்கும் அந்தப் பெண்ணால் அதைத் தாங்க முடியாது என்பதும் தெரியும். அவர் காசு பற்றிப் பேச்செடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். இரண்டு மாதத்தில் பையன் தேறத் தொடங்கினான். அவன் தேறியது பரவியதும் அவன் அத்தை மகள் வந்தாள், பிறகு பக்கத்துப் புளோக்கிலிருந்து அண்ணன் தம்பி இருவர், பிறகு இன்னொரு பெண் பிள்ளை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐந்து பேர். சனிக்கிழமை போதாமல் புதன் இரவு சேர்ந்தது. தேர்வு நெருங்கினால் வெள்ளி இரவும் சேர்ந்தது. அலுவலகத்திலிருந்து ஏழரை மணிக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கூடத்தில் இரண்டு பிள்ளைகள் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள்.

யாரையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அப்பா, கைம்மாறு எதிர்பாராமல் பெய்யும் மழையைச் சொல்லும் 211-ஆம் குறளை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். கொடுப்பவர் எதையும் திரும்ப வாங்கக் கூடாது, கணக்குப் பார்க்கக் கூடாது, களைத்துப்போனாலும் வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அந்தச் சட்டத்தின்படியே நான் நடந்தேன். பயிற்சிப் புத்தகங்களை நானே வாங்கினேன், தாள்களை நானே நகலெடுத்தேன். மேல்வீட்டு அம்மா ஆரஞ்சு மூடி டப்பாவில் இடியப்பமோ கடலைக்கறியோ கொடுத்தனுப்பினால், "வீட்டுல நெறைய இருக்கு, தம்பி சாப்பிடட்டும்" என்று அதே டப்பாவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை நீடித்தது, தெம்புதான் நீடிக்கவில்லை. 2022-இன் நடுவில், ஒரு புதன் இரவு, அந்தப் பையன் நான்கில் மூன்றையும் எட்டில் ஒன்றையும் கூட்டி 4/12 என்று எழுதினான். எல்லாப் பிள்ளைகளும் ஒரு கட்டத்தில் செய்யும் பிழை அது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுவார்கள். முன்பாக இருந்தால் ஒரு தாளை எடுத்து எட்டாக மடித்து, அதில் ஆறு கட்டங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லி, இன்னொரு கட்டத்தைச் சேர்த்து, அவன் வாயாலேயே எட்டில் ஏழு என்று வரவழைத்திருப்பேன். அன்று அவன் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி 7/8 என்று நானே எழுதி, "எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன். மற்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் அழவில்லை. பென்சிலைத் திரும்ப வாங்க நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ரத்தம் கொடுப்பது என் வழக்கம். அன்று விரல் நுனியில் குத்திப் பார்த்த தாதி, என் ஹீமோகுளோபின் 11.6 என்றார். இங்கே பெண்கள் ரத்தம் கொடுக்கக் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நான் வற்புறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே முடியாது என்றார். ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறைக்கு 12 வாரம் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பொறுமையாக விளக்கினார். போன நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாளில் ஈடுசெய்துவிடும். சிவப்பணுக்கள் திரும்ப ஊறப் பல வாரங்கள் பிடிக்கும். இரும்புச்சத்துக்கு அதைவிடவும் நாளாகும். "உங்களுக்கும் நல்லது இல்ல, வாங்கிக்கிறவங்களுக்கும் நல்ல ரத்தம் போய்ச் சேராது. நல்லா சாப்பிட்டுட்டு மறுபடியும் வாங்க அக்கா, நாங்க இங்கதான் இருப்போம்" என்றார். கொடுக்க வந்தவளைக் கொடுக்காமல் திருப்பி அனுப்புகிறார்களே என்று அன்று வருத்தத்தோடு வீடு திரும்பினேன். அவர் சொன்னதை என் சனிக்கிழமைகளோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சில வாரங்களில் மேல்வீட்டுப் பையன் வருவதை நிறுத்திவிட்டான். முதலில் காய்ச்சல் என்றார்கள்; பிறகு பள்ளியில் கூடுதல் வகுப்பு என்றார்கள்; பிறகு எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரை ஆண்டு ஒரு காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்கக்கூடாதா என்று கணவரிடம் புலம்பினேன். மழையைப் போலக் கொடுத்ததாக நினைத்திருந்தவளுக்கு ஒரு நன்றிச் சொல் வராதது இவ்வளவு வலிக்கிறது என்றால், அந்தக் கொடுத்தலில் எங்கோ கோளாறு இருக்கிறது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மின்தூக்கியில் இரண்டு மாடி

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை, சந்தைப் பையோடு மின்தூக்கிக்குள் நுழைந்தேன். உள்ளே மேல்வீட்டு அம்மா நின்றிருந்தார். கதவு மூடிக்கொண்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மின்தூக்கியில் ஒன்பது மாடி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த நேரம் எனக்கு நீண்டுகொண்டே போனது. தம்பி எப்படி இருக்கிறான் என்று நான்தான் கேட்டேன். நன்றாக இருக்கிறான் என்றார். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். குரலில் இருந்த குற்றச்சாட்டை என்னால் மறைக்க முடியவில்லை. ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. கதவு மீண்டும் மூடி, மின்தூக்கி 11-க்கு ஏறியது. அங்கே கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எங்ககிட்ட ஒண்ணுமே வாங்கிக்க மாட்டேங்கிறீங்க. காசுதான் வேணாம்னீங்க, சரி. ஒரு டப்பா இடியப்பம் குடுத்தா அதயும் அப்படியே திருப்பி அனுப்புறீங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைய உங்க வீட்டுக்குக் கடன் வாங்க அனுப்புற மாதிரி இருக்குக்கா எனக்கு. நீங்களும் ரொம்ப அசந்து போயிட்டீங்க, தம்பி வந்து சொல்றான். எந்த மொகத்த வச்சுக்கிட்டு அனுப்புறது?"

இவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சொல்லி முடிக்கும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. என் கையிலிருந்த பையில் முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். மின்தூக்கிக் கதவு நெடுநேரம் திறந்திருந்தால் எழுப்புமே, அந்த எச்சரிக்கை ஒலி கேட்கத் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்தோம்.

அன்று இரவு எங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டிலிருந்து ஏதாவது பாத்திரத்தில் வந்தால் அம்மா அதைக் கழுவிக் காயவைத்து, ஒரு கரண்டி சீனியோ இரண்டு வாழைப்பழமோ போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்பார். காரணம் கேட்டால், லட்சுமி போய்விடும் என்று ஏதோ சொல்வார். இத்தனை ஆண்டுகளில் அந்த வழக்கத்தை நான் பாத்திரம் சம்பந்தப்பட்டதாகவே நினைத்திருந்தேன். கொண்டு வந்தவருடைய மானம் அதில் இருக்கிறது என்று நினைத்ததில்லை. நான் செய்தது வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்ததைவிட மோசமானது. வந்த பாத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் விடிகாலையில் எழுந்து மாவைப் பிசைந்து பிழிந்து அவித்து அனுப்பிய இடியப்பத்திடம், உனக்கு என் வீட்டில் வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கொடுக்கும் மகிழ்ச்சியை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அவருக்கு மிச்சம் வைத்தது கூச்சத்தை மட்டும்தான்.

மழையைப் பற்றியும் மறுபடி யோசித்தேன். அப்பா சொன்ன குறள் பொய்யில்லை. மழைக்கு யாரும் எதையும் திருப்பித் தருவதில்லைதான். ஆனால் அதே வள்ளுவர் வான்சிறப்பில், மேகம் தான் முகந்ததைத் திரும்பப் பொழியாவிட்டால் நெடுங்கடலும் தன் தன்மையில் குன்றிப்போகும் என்கிறார். கடல் கொடுக்கிறது, திரும்பவும் வாங்கிக்கொள்கிறது. அத்தனை பெரிய கடலுக்கே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மொய் நோட்டும் 9 வெள்ளியும்

அப்பாவின் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அந்த வட்டாரத்திலும் புதுக்கோட்டைப் பக்கமும் மொய் விருந்து என்ன பாடுபடுத்தும் என்பதைப் பலர் அறிவார்கள். பாட்டியிடம் நீளவாக்கில் தைத்த ஒரு மொய் நோட்டு இருந்தது. யார், எந்த ஊர், எத்தனை ரூபாய் என்று வரிவரியாக இருக்கும். செய்த மொய்யைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உறவே அறுந்துபோகும். சின்ன வயதில் எனக்கு அது அருவருப்பாக இருந்தது. அன்பைக் கணக்கெழுதி வைக்கிறார்களே என்று. இன்றைக்கும் மொய்க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தச் சின்னக் கூடுதல் இல்லாதவர் கழுத்தில் சுருக்காக விழுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த நோட்டுக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது என்று இப்போது படுகிறது. இன்று வாங்குகிறவர் நாளை கொடுக்கப்போகிறவர் என்று அது எழுதி வைத்திருக்கிறது. யாரும் நிரந்தரமாகக் கீழே உட்காருவதில்லை.

கொடுத்தல் நீடிப்பதற்கு இன்னொன்றும் வேண்டியிருக்கிறது: அளவு. என் சம்பளச் சீட்டில் மாதாமாதம், இங்குள்ள இந்தியச் சமூகத்தின் கல்விக்கு உதவும் சிண்டாவுக்கு 9 வெள்ளி, அதாவது 9 சிங்கப்பூர் டாலர், பிடித்தம் ஆகிறது. 1991-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்புக்கு மத்திய சேம நிதி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தின் வழியாக இங்குள்ள இந்திய வம்சாவளி ஊழியர்கள் ஊதியத்துக்கேற்ப 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை கொடுக்கிறார்கள்; வேண்டாம் என்பவர் எழுதிக்கொடுத்து விலகவும் செய்யலாம். பிடித்தம் ஆவதே எனக்குத் தெரியாது, அது என்ன கொடை என்று முன்பு நினைப்பேன். அந்த எண்ணம் மாறிவிட்டது. என்னை வாட்டாததால்தான் அது இத்தனை ஆண்டுகளாக நிற்காமல் போகிறது. நிற்காமல் போவதால்தான் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பை அடுத்த ஆண்டும் உண்டு என்று நம்பித் திட்டமிட முடிகிறது. இந்த ஊருக்கு இது புதிதுமன்று. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைவதையொட்டி, தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் கொடுக்கக்கூடிய தொகை அது. ஒரு வெள்ளி கொடுத்தவருக்கும் அந்தத் துறை என்னுடையது என்று சொல்லும் உரிமை இருந்தது.

நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைப்பதைப் பற்றியும் என் கருத்து மாறியிருக்கிறது. தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுப்பதைப்போல இரண்டரை மடங்கு தொகையை, 2026 இறுதிவரை, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரிக்காகக் கொடுப்பது கொடையா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது நானும் தலையாட்டியவள்தான். இப்போது கேட்டால், கொடுப்பவருக்கும் ஏதோ கிடைக்கட்டும், அடுத்த ஆண்டும் கொடுப்பார் என்பேன்.

வள்ளுவரிடம் இதற்கு ஓர் இடம் இருப்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். கொடையைப் பற்றிப் பேச ஒப்புரவறிதல், ஈகை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தவர், கொடுப்பதன் அளவைப் பற்றி அங்கே பேசவில்லை. அதைப் பொருட்பாலில், பகைவன் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோடச் சொல்லும் வலியறிதலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். நுனிக்கொம்பு ஏறியவன் அதற்கும் மேலே ஏற முயன்றால் உயிர் போகும் என்று 476-ஆம் குறளில் சொல்லிவிட்டு, அடுத்த குறளிலேயே அளவறிந்து கொடு என்கிறார். அதிகாரத்தின் கடைசிக் குறள் இது:

உளவரை தூக்காத ஒப்புர வாண்மை
வளவரை வல்லைக் கெடும்.

தன்னிடம் உள்ளது எவ்வளவு என்று தூக்கிப் பார்க்காமல் செய்யும் உதவியால், இருக்கும் வளமும் விரைவில் அழியும் என்பது பொருள். அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். உதவியால் கேடு வந்தாலும் அந்தக் கேட்டை ஒருவன் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாம் என்று 220-இல் இருக்கிறதே என்று கேட்டிருப்பார். உண்மைதான், இருக்கிறது. என்ன இழக்கிறோம் என்று தெரிந்தே இழப்பவரை நான் வணங்குகிறேன். நான் அப்படித் தெரிந்து இழக்கவில்லை. எடைபோட்டுப் பார்க்கவே இல்லை. அதோடு, அந்தக் கேடு என்னோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் புதன் இரவில் அது ஒரு பத்து வயதுப் பையன் தலையில் விழுந்தது.

திருப்பித் தர எதுவுமே இல்லாதவர்களை என்ன செய்வது என்று தோழி ஒருத்தி கேட்டாள். எளிய கேள்வி இல்லை. ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு ஞாயிறுதோறும் மதிய உணவு கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஆறு வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் வாசலிலேயே பையை நீட்டிவிட்டு ஓடுவேன். ஒரு நாள் மழையில் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார நேர்ந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் வேலை செய்த கதையை அவர் எடுத்தார். கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சாயம் அடிப்பது எப்படி என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவ்வளவு நாளும் சோற்றுப்பொட்டலம் கொண்டுவந்ததில்லை. பிறகு ஆறு வீட்டை மூன்றாகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் கால் மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன். மற்ற மூன்று வீட்டை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

மின்தூக்கியில் பேசிய மறுநாள் மாலை, 11-ஆம் மாடிக்கு நானே ஏறிப்போனேன். மன்னிப்புக் கேட்டேன், அம்மாவிடமும் பையனிடமும். சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் வகுப்பு என்றும், புதனும் வெள்ளியும் என்னால் முடியாது என்றும் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கூசியது. பிறகு, சனிக்கிழமை மதியச் சமையல் எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது, அன்றைக்கு நீங்கள் எங்கள் மூவருக்கும் சேர்த்துச் சமைத்தனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. காரம் எவ்வளவு போடணும் என்று கேட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் சனிக்கிழமை அடுப்புப் பற்றவைப்பதில்லை. இறால் சம்பால், சுரைக்காய்க் கூட்டு, சில வாரம் வெறும் ரசமும் அப்பளமும். அவருக்கு உடம்பு முடியாத வாரம் டப்பா வராது. என் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வாரம் வகுப்பு இருக்காது. யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. டப்பாவைக் கழுவி, சீனியோ பழமோ போட்டுக் கொடுத்தனுப்புகிறேன்.

பையன் 2023-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதினான். உயர்நிலை 2-க்கு வந்த ஆண்டில், சனிக்கிழமைகளில் முதல் அரை மணி நேரம் சின்னப் பிள்ளைகளை அவன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். நான் காபி குடித்து முடிக்கும் வரை. ஒரு நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, ஒரு தாளை எட்டாக மடித்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் பக்கத்துப் புளோக்கிலிருந்து ஒரு பெண் வந்தார். இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். இப்போது இடமில்லை, ஜனவரியில் ஒருவர் போகிறார், அப்போது ஒரு பிள்ளையை அனுப்புங்கள், இன்னொருவரை ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, பணம் எவ்வளவு என்று தயங்கிக் கேட்டார். பணம் வேண்டாம் என்றேன். அவர் இன்னும் தயங்கி நின்றார். உங்களுக்கு என்ன வேலை நன்றாக வரும் என்று கேட்டேன். தையல் மெஷின் வைத்திருக்கிறேன், வீட்டிலேயே தைப்பேன் என்றார். கூடத்து ஜன்னல் திரையின் ஓரம் இரண்டு ஆண்டுகளாகப் பிரிந்து தொங்குகிறது. கையைப் பிடித்து அழைத்துப்போய் அதைக் காட்டினேன். அவர் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, இதே நிறத்தில் நூல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார்.